கவுண்டி வாரியாகக் குற்ற விகிதம் பார்க்க எஃப்.பி.ஐ. தளம் உதவுமா?

அமெரிக்காவில் வீடு வாங்கக் கிளம்பும் நம் ஆட்கள் முதலில் விசாரிப்பது ஸ்கூல், அடுத்தது ஏரியா பாதுகாப்பானதா என்பது. ஸ்கூலுக்கு ஏகப்பட்ட ரேட்டிங் கிடைக்கிறது. இரண்டாவது கேள்வியை ரியல் எஸ்டேட் ஏஜெண்டிடம் கேட்டால் பெரும்பாலும் நேரடியாகப் பதில் வராது. அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. 1968-ல் வந்த ஃபேர் ஹவுசிங் சட்டப்படி, வாங்க வருகிறவரை இனம் பார்த்து ஒரு ஏரியா பக்கம் தள்ளுவதும் இன்னொரு ஏரியாவிலிருந்து விலக்குவதும் சட்டவிரோதம் என்பதால், 'அது நல்ல ஏரியா, இது மோசம்' என்று வாய்விட்டுச் சொல்வதையே அவர்கள் தவிர்ப்பார்கள். போலீஸ் கணக்கை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பார்கள். அப்படித் தேடிப் போகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது எஃப்.பி.ஐ. நடத்தும் 'க்ரைம் டேட்டா எக்ஸ்ப்ளோரர்' தளம். 2017-ல் தொடங்கியது. இலவசம், அரசு வைத்திருக்கும் மூலக் கணக்கே அங்கே இருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு குறிப்பிட்ட ஊரின் போலீஸ் டிபார்ட்மெண்ட் பல வருஷமாக என்ன பதிவு செய்திருக்கிறது என்று பார்க்க, நான் பார்த்தவரை இதைவிட நல்ல இலவசத் தளம் கிடையாது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஆனால் இரண்டு கவுண்டிகளை, அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரி மாநிலத்துக்குள் இருக்கும் பிரிவுகளை, பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மேல் என்று பார்ப்பதற்கு ஒன்றரைதான். எண்கள் பொய் என்பதால் இல்லை. 'கவுண்டி' என்று தலைப்புப் போட்டு அது தருகிற எண், நாம் நினைக்கும் கவுண்டியின் எண்ணாக இருப்பதில்லை. இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் வாட்ஸ்அப் குழுக்களில் 'பாதுகாப்பான 10 கவுண்டிகள்' பட்டியல்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன, அதை நம்பி லட்சக்கணக்கான டாலர் கடன் வாங்கி வீடு பார்க்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

தளம் எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாக. மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் எந்த போலீஸ் டிபார்ட்மெண்ட் என்று தேர்ந்தெடுத்து, என்ன குற்றம், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று சொன்னால் கோடு போட்டுக் காட்டும். எண்ணிக்கையும் வரும், ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்ற விகிதமும் வரும். பதிவான வழக்குகளில் எத்தனை முடித்துவைக்கப்பட்டன என்பதும் இருக்கிறது, இது பலர் கவனிக்காத நல்ல விஷயம். முழு அட்டவணைகளையும் டவுன்லோடு செய்துகொள்ளலாம். கைது, வெறுப்புக் குற்றம், பணியில் தாக்கப்பட்ட போலீஸ்காரர்கள் என்று தனித்தனித் தரவுகளும் கிடைக்கும். இந்தக் கணக்கெடுப்பே பழசு. 1929-ல் போலீஸ் தலைவர்களின் சர்வதேச சங்கம் ஆரம்பித்து, 1930-லிருந்து எஃப்.பி.ஐ. கையில் இருக்கிறது. நாடு முழுக்க 18,000-க்கும் மேற்பட்ட போலீஸ் அமைப்புகள் இருக்கின்றன, அவை எஃப்.பி.ஐ.க்கு எண்களை அனுப்புவது மத்திய அரசின் கட்டாயத்தால் இல்லை, தாமாக முன்வந்து அனுப்புவதுதான். சில மாநிலங்கள் மட்டும் தங்கள் சட்டத்தால் கட்டாயமாக்கியிருக்கின்றன.

சரி, கவுண்டி விஷயத்துக்கு வருவோம். எஃப்.பி.ஐ. பல வருஷமாக வெளியிட்டுவரும் ஆண்டறிக்கையில் 8-ஆம் அட்டவணை நகரங்களுக்கானது, 10-ஆம் அட்டவணை கவுண்டிகளுக்கானது. 10-ஐத் திறந்தால் மாநிலம், கவுண்டி பெயர், வன்முறைக் குற்றம், கொலை, வழிப்பறி, சொத்துக் குற்றம் என்று வரிசையாக எண்கள் இருக்கும். பார்ப்பவர் எவரும் இது அந்தக் கவுண்டியின் மொத்தக் கணக்கு என்றுதான் நினைப்பார். கீழே குறிப்பில் விஷயம் இருக்கிறது: இந்த எண்கள் கவுண்டியின் மொத்தம் ஆகாது, ஷெரிஃப் (கவுண்டி அளவிலான காவல் அதிகாரி) அலுவலகமோ கவுண்டி போலீஸோ பதிவு செய்தவை மட்டும்தான். கவுண்டிக்குள் இருக்கும் நகரங்களுக்குச் சொந்த போலீஸ் இருந்தால் அந்தக் குற்றங்கள் இந்த வரியில் வரவே வராது. நகர அட்டவணையில் மக்கள்தொகைக்கு ஒரு பத்தி உண்டு, கவுண்டி அட்டவணையில் அதுவும் கிடையாது, ஆக ஷெரிஃபின் எண்ணை எடுத்து சென்சஸ் சொல்லும் முழுக் கவுண்டி மக்கள்தொகையால் வகுத்து 'லட்சத்துக்கு இத்தனை' என்று போடுகிறவர் மேலே ஒரு கணக்கையும் கீழே வேறொரு கணக்கையும் வைத்து வகுக்கிறார். பகிரப்படும் பட்டியல்களில் நான் அடிக்கடி பார்ப்பது இந்தத் தப்பைத்தான்.

இது எவ்வளவு தூரம் ஆளை ஏமாற்றும் என்பதற்கு நம்மவர்கள் அதிகம் வாழும் இடங்களையே எடுத்துக்கொள்ளலாம். நியூஜெர்சியில் 21 கவுண்டிகள். மாநிலத்தின் ஒவ்வொரு அங்குலமும் ஏதாவது ஒரு டவுன்ஷிப்புக்கோ பரோவுக்கோ நகரத்துக்கோ சேர்ந்தது, நகராட்சி இல்லாத நிலம் என்பதே அங்கே இல்லை. மிடில்செக்ஸ் கவுண்டியில் எடிசன், உட்பிரிட்ஜ், பிஸ்காட்டவே, நியூ பிரன்ஸ்விக் எல்லாவற்றுக்கும் தனித்தனி போலீஸ். அங்கே ஷெரிஃப் வேலை முக்கியமாகக் கோர்ட் பாதுகாப்பு, சம்மன் கொடுப்பது போன்றவை. எடிசனில் ஒரு வீடு உடைக்கப்பட்டால் அது எடிசன் போலீஸ் கணக்கில் போகும். ஆகவே ஷெரிஃப் வரியை மட்டும் பார்த்தால் எட்டு லட்சத்துக்கும் மேல் மக்கள் இருக்கும் கவுண்டியில் குற்றமே நடக்காதது மாதிரி தெரியும்.

இதையே டெக்சஸில் பாருங்கள். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் எந்த நகராட்சியிலும் சேராத பகுதிகளில் மட்டும் சுமார் 20 லட்சம் பேர் வாழ்கிறார்கள், அவர்களுக்கு முதன்மைப் போலீஸ் ஷெரிஃப்தான். பக்கத்து ஃபோர்ட் பெண்ட் கவுண்டியிலும் அதே கதை: சுகர்லாண்டுக்குத் தனி போலீஸ், ஆனால் சிங்கோ ராஞ்ச் போன்ற பெரிய குடியிருப்புகள் எந்த நகரத்திலும் சேராதவை. மிடில்செக்ஸ் ஷெரிஃபையும் ஹாரிஸ் ஷெரிஃபையும் ஒரே பட்டியலில் வைத்து நியூஜெர்சி பாதுகாப்பு, டெக்சஸ் ஆபத்து என்று ஒருவர் எழுதினால், அவர் ஒப்பிட்டது கோர்ட் காவலையும் ஒரு பெரிய நகரத்துக்குச் சமமான ரோந்துப் பணியையும்.

தபால் முகவரியும் சேர்ந்து குழப்பும். 'கேட்டி, டெக்சஸ்' என்று முகவரி உள்ள வீடுகளில் பெரும்பான்மை கேட்டி நகர எல்லைக்குள்ளேயே இல்லை. அந்த நகரத்தின் மக்கள்தொகை 2020 சென்சஸில் 22,000-க்குக் கொஞ்சம் குறைவு, அந்தச் சின்ன நகரமே ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என்று மூன்று கவுண்டிகளில் கிடக்கிறது. நீங்கள் எக்ஸ்ப்ளோரரில் கேட்டி போலீஸைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தால், நீங்கள் வாங்கப்போகும் வீட்டுக்கு ஒருநாளும் வராத போலீஸின் கணக்கைப் பார்க்கிறீர்கள். அட்லாண்டா பக்கம் ஆல்ஃபரெட்டாவும் இப்படித்தான், ஆல்ஃபரெட்டா என்று முகவரி எழுதும் சில பகுதிகள் ஃபோர்சைத் கவுண்டியில் இருக்கின்றன, நகரமோ ஃபுல்டன் கவுண்டியில். டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோ நகரம் காலின், டென்டன் இரண்டு கவுண்டிகளிலும் விரிந்திருக்கிறது, ஃபிரிஸ்கோ போலீஸ் அனுப்புவது ஒரே எண். அதைக் காலினில் சேர்ப்பதா, டென்டனில் சேர்ப்பதா, மக்கள்தொகைப்படி பிரிப்பதா என்பது கணக்குப் போடுகிறவர் எடுக்கும் முடிவு, அதைப் பட்டியலில் யாரும் சொல்வதில்லை.

இதனால்தான் நான் எல்லோரிடமும் சொல்வது: வீட்டு முகவரியை வைத்துக்கொண்டு முதலில் கேட்க வேண்டியது 'அவசர எண்ணான 911-ஐ அடித்தால் எந்த போலீஸ் வரும்' என்பது. அது தெரிந்தபிறகு எக்ஸ்ப்ளோரரைத் திறங்கள். வர்ஜினியாவில் ஆஷ்பர்ன் என்றால் பதில் லௌடன் கவுண்டி ஷெரிஃப், ஏனென்றால் ஆஷ்பர்ன் ஒரு நகராட்சியே இல்லை. லௌடனில் லீஸ்பர்க் போன்ற சில டவுன்களுக்கு மட்டும் சொந்த போலீஸ். எனவே அங்கே ஷெரிஃப் எண் கவுண்டியின் பெரும்பகுதியைச் சொல்லிவிடும். பக்கத்து ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் ரோந்து போவது கவுண்டி போலீஸ் டிபார்ட்மெண்ட், ஷெரிஃப் ஜெயிலையும் கோர்ட்டையும் பார்த்துக்கொள்கிறார். ஒரு சாலையைத் தாண்டினால் எந்தப் பெயரைத் தேட வேண்டும் என்பதே மாறிவிடுகிறது.

கவுண்டி எல்லைகளே ஒரே மாதிரி வரையப்பட்டவை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். செயின்ட் லூயிஸ் நகரம் 1870-களிலேயே செயின்ட் லூயிஸ் கவுண்டியை விட்டுப் பிரிந்து தனியாக நிற்கிறது. 2020-ல் நகரத்தில் மூன்று லட்சம் பேர், கவுண்டியில் பத்து லட்சம் பேர். நாட்டின் மோசமான இடம் என்று எல்லாப் பட்டியலிலும் அந்த நகரம் மேலே வருவதற்கு அங்கே உண்மையிலேயே கொலைகள் அதிகம் என்பது ஒரு காரணம், புறநகர் முழுவதும் கணக்கிலிருந்து வெளியே நிற்பது இன்னொரு காரணம். ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில் 1968-ல் டுவால் கவுண்டியுடன் ஒன்றாகிவிட்டது, அங்கே அமைதியான புறநகர்களும் ஒரே கணக்கில் வந்து விகிதத்தைக் கீழே இழுக்கும். பால்டிமோர் நகரமும் பால்டிமோர் கவுண்டியும் தனித்தனி. வர்ஜினியாவில் மட்டும் 38 நகரங்கள் எந்தக் கவுண்டியிலும் சேராதவை, ஃபேர்ஃபாக்ஸ் நகரம் உட்பட. இந்த எல்லைகளை வைத்துக்கொண்டு நாடு முழுக்க வரிசைப்படுத்துகிறவர் பாதி நேரம் வரைபடத்தைத்தான் வரிசைப்படுத்துகிறார்.

மறுபக்கம், ஒரே கவுண்டிக்குள் இருக்கும் வித்தியாசம். ஜார்ஜியாவின் ஃபுல்டன் கவுண்டி வடக்கிலிருந்து தெற்கே சுமார் 70 மைல் நீளம், 1932-ல் மில்டன், கேம்ப்பெல் என்று இரண்டு கவுண்டிகளை விழுங்கி அப்படி ஆனது. அட்லாண்டாவின் பெரும்பகுதியும் அதில்தான், ஜான்ஸ் க்ரீக்கும் அதில்தான். 'ஃபுல்டனில் க்ரைம் அதிகம், ஃபோர்சைத்துக்குப் போங்கள்' என்று ஜான்ஸ் க்ரீக்கில் வீடு பார்க்கும் ஒருவருக்கு அறிவுரை சொல்வது எத்தனை அர்த்தமில்லாதது என்று யோசியுங்கள். ஜான்ஸ் க்ரீக்குக்குச் சொந்தப் போலீஸ் இருக்கிறது, அதன் எண்ணைப் பார்த்தால் போதும். அதை எக்ஸ்ப்ளோரர் அழகாகக் காட்டும்.

வகுக்கும் எண்ணிலும் பிரச்சினை இருக்கிறது. டெக்சஸில் லவிங் கவுண்டி என்று ஒன்று, 2020 சென்சஸில் 64 பேர். அங்கே ஒரு கொலை நடந்தால் விகிதம் லட்சத்துக்கு 1,562 என்று வரும், நாட்டின் சராசரியோ 5, 6 என்ற அளவு. ஒரு கோடிப் பேர் வாழும் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியும் அதே அட்டவணையில் ஒரு வரிதான். சின்ன கவுண்டி என்றால் ஒரு வருஷத்தைப் பார்க்கவே கூடாது, ஐந்து வருஷமாவது சேர்த்துச் சராசரி எடுக்க வேண்டும். அப்புறம், விகிதம் கணக்கிடுவது அங்கே குடியிருப்பவர்களை வைத்துத்தான். லாஸ் வேகஸ் இருக்கும் கிளார்க் கவுண்டியில் குடியிருப்பவர்கள் 2020-ல் 22 லட்சத்துச் சொச்சம், வருஷத்துக்கு வந்துபோகும் பயணிகள் ஏறத்தாழ 4 கோடி. அந்தப் பயணிகளின் பர்ஸ் திருடுபோனால் மேலே எண்ணில் சேரும், கீழே மக்கள்தொகையில் அந்தப் பயணிகள் சேரமாட்டார்கள். ஃப்ளோரிடாவின் ஆரஞ்சு கவுண்டி, டிஸ்னி வேர்ல்டால், அதே நிலை. பெரிய மால் உள்ள ஒரு சின்ன டவுனுக்கும் இதே கதிதான், கடையில் நடக்கும் திருட்டெல்லாம் அங்கே தூங்குகிற சில ஆயிரம் பேரின் தலையில் வகுக்கப்படும்.

மொத்த எண்ணைப் பார்க்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 2019 கணக்கில் சொத்துக் குற்றங்களில் 73 சதவீதத்துக்கும் மேல் சாதாரணத் திருட்டு, அதாவது கடையில் எடுப்பது, காருக்குள்ளிருந்து எடுப்பது, சைக்கிள் போவது. வன்முறைக் குற்றங்களில் 68 சதவீதம் கடுமையான தாக்குதல்கள், கொலை 1.4 சதவீதம்தான். ஆக 'வன்முறைக் குற்றம் கூடிவிட்டது' என்றால் தாக்குதல் வழக்குகள் கூடியிருக்கின்றன என்றுதான் பெரும்பாலும் பொருள், அதிலும் எதைக் கடுமையான தாக்குதல் என்று எழுதுவது, எதைச் சாதாரண அடிதடி என்று எழுதுவது என்பது ஸ்டேஷனில் எடுக்கிற முடிவு. 2014-ல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் ஆராய்ந்தபோது, ஒரே ஆண்டில் அந்நகரப் போலீஸ் 1,200-க்குச் சற்றுக் குறைவான வன்முறைக் குற்றங்களைச் சின்னக் குற்றங்களாக வகைப்படுத்தியிருந்தது தெரியவந்தது. நல்ல வேளையாக எக்ஸ்ப்ளோரரில் ஒவ்வொரு குற்றத்தையும் தனியாக எடுத்துப் பார்க்க முடியும். வீடு வாங்குகிறவருக்கு உண்மையில் வேண்டியது வீடு புகுந்து திருட்டு, கார் திருட்டு, வழிப்பறி, கொலை இந்த நான்கும்தான் என்பது என் கருத்து.

புகாரே போகாத குற்றங்கள் எவ்வளவு என்பதை இந்தத் தளம் காட்டாது, காட்டவும் முடியாது. அதற்கு நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு 1973-லிருந்து வீடு வீடாக மக்களிடமே கேட்டு நடத்தும் தேசிய ஆய்வு தனியாக இருக்கிறது. அதன்படி பார்த்தால் வன்முறைக்கு ஆளானவர்களில் பாதிப்பேருக்கும் குறைவாகவே போலீஸுக்குப் போகிறார்கள், சொத்துக் குற்றங்களில் மூன்றில் ஒன்றுதான் போகிறது. கார் திருட்டு விதிவிலக்கு, இன்ஷூரன்ஸ் பணம் வேண்டுமென்றால் புகார் எண் வேண்டும் என்பதால் பெரும்பாலும் பதிவாகிவிடும். ஆனால் அந்த ஆய்வு கவுண்டி அளவுக்கு இறங்கி எண் தராது. எனவே ஆன்லைனில் எளிதாகப் புகார் வாங்கும், மக்கள் நம்பிப் போகும் போலீஸ் உள்ள ஊர் புள்ளிவிவரத்தில் மோசமாகத் தெரியும், போய் என்ன பயன் என்று மக்கள் விட்டுவிடும் ஊர் அமைதியாகத் தெரியும். நம் ஊரில் இது தெரியாதவர் இல்லை. 2020-ல் ஊரடங்கை மீறியதற்காகப் போட்ட 188-ஆவது பிரிவு வழக்குகளால் தேசியக் குற்றப் பதிவுக் கணக்கில் தமிழ்நாட்டின் எண்ணிக்கை எகிறியதைப் பார்த்தவர்கள்தானே நாம்.

வருஷங்களை ஒப்பிடும்போது 2021-ஐ மட்டும் தொடாதீர்கள். அதற்கு முன்புவரை பெரும்பாலான போலீஸ் அமைப்புகள் பழைய சுருக்க முறையில் அனுப்பிவந்தன, ஒரு சம்பவத்தில் வழிப்பறியும் கொலையும் நடந்திருந்தால் பெரிய குற்றமான கொலையை மட்டும் எண்ணுவார்கள். புதிய 'நைபர்ஸ்' முறையில் ஒரே சம்பவத்தில் பத்துக் குற்றங்கள்வரை பதிவு செய்யலாம், நேரம், இடம், இழப்பு எல்லாம் சேர்ந்து வரும். 2021 ஜனவரி முதல் இனி புதிய முறையில் மட்டும்தான் வாங்குவோம் என்று எஃப்.பி.ஐ. சொன்னது, பல டிபார்ட்மெண்ட்கள் தயாராகவில்லை. அந்த வருஷம் நியூயார்க் நகரப் போலீஸும் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸும் கணக்கில் இல்லை, ஃப்ளோரிடா, கலிஃபோர்னியாவில் பெரும்பாலானவை இல்லை, மொத்தத்தில் நாட்டின் மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் எண் வந்தது. அடுத்த வருஷமே பழைய முறையையும் ஏற்றுக்கொண்டு நிலைமையைச் சரிசெய்தார்கள், 2023-க்கு 94 சதவீத மக்கள் கணக்கில் வந்துவிட்டார்கள். ஆகவே கோடு ஒரு வருஷம் திடீரென்று தரையைத் தொட்டால் மகிழ்ச்சியடைய வேண்டாம், அந்த டிபார்ட்மெண்ட் 12 மாதமும் அனுப்பியதா என்று பாருங்கள். பாலியல் வன்கொடுமைக்கான வரையறையும் 2013-லிருந்து விரிவாக்கப்பட்டது, அதற்கு முன் பெண்கள் மீது பலவந்தமாக நடந்ததை மட்டுமே எண்ணினார்கள், அதனால் அந்த இடத்தில் கோடு ஏறுவதில் ஒரு பங்கு வரையறை மாற்றத்தால் வந்தது.

கவுண்டி அளவில்தான் வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது மாநிலத் தளங்களை. ஃப்ளோரிடாவின் சட்ட அமலாக்கத் துறை, கலிஃபோர்னியா நீதித்துறையின் 'ஓப்பன் ஜஸ்டிஸ்', நியூயார்க் மாநிலத்தின் குற்றவியல் நீதிச் சேவைகள் பிரிவு, நியூஜெர்சி மாநிலப் போலீஸ் இவையெல்லாம் கவுண்டிக்குள் உள்ள எல்லா அமைப்புகளையும் சேர்த்துத் தருகின்றன. எஃப்.பி.ஐ. கணக்கில் நியூயார்க் நகரப் போலீஸ் ஒரே அமைப்பு, அது ஐந்து கவுண்டிகளை உள்ளடக்கியது, குயின்ஸ் வேறு பிராங்க்ஸ் வேறு என்று பிரித்துப் பார்க்க மாநிலத் தளம்தான் வழி. ஒரே மாநிலத்துக்குள் ஒப்பிடுவதில் இன்னொரு லாபம், சட்டமும் பதிவு முறையும் ஓரளவு ஒன்றாக இருக்கும். மாநிலம் தாண்டி ஒப்பிட வேண்டுமென்றால் கொலையை மட்டும் எடுங்கள். அதற்கு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் 'வொண்டர்' தளம் நன்றாக உதவும், அது போலீஸை நம்பாமல் இறப்புச் சான்றிதழ்களிலிருந்து கணக்கெடுக்கிறது. ஒன்பது வரையிலான சிறு எண்ணிக்கைகளை மறைத்துவிடும், 20-க்குக் குறைவான எண்ணிக்கையில் வந்த விகிதத்தை நம்பத்தகாதது என்று அதுவே முத்திரை குத்திவிடும், இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும், அது வழக்கமாக இறந்தவர் எந்தக் கவுண்டியில் குடியிருந்தார் என்பதை வைத்து எண்ணும், எங்கே கொல்லப்பட்டார் என்பதை வைத்து இல்லை.

ஏ பிளஸ், எஃப் என்று தெருவுக்குத் தெரு மார்க் போட்டுச் சிவப்பு, பச்சையில் வரைபடம் காட்டும் தனியார் தளங்களுக்குத் தயவுசெய்து காசு கட்டாதீர்கள். போலீஸ் எஃப்.பி.ஐ.க்கு அனுப்புவது டிபார்ட்மெண்ட் மொத்தத்துக்கான எண். இந்தத் தளங்கள் பல அதை எடுத்து வருமானம், குடியிருப்பு அடர்த்தி போன்றவற்றை வைத்து ஒரு மாடல் மூலம் தெருக்களுக்குப் பிரித்துப் போடுகின்றன. நடந்த குற்றத்தை அது காட்டவில்லை, ஏழைகள் எங்கே இருக்கிறார்கள் என்பதைக் குற்றம் என்ற பெயரில் காட்டுகிறது. 2021 டிசம்பரில் ரியல்டர் டாட் காம் தன் குற்ற வரைபடத்தை எடுத்துவிட்டது, அதே மாதம் ரெட்ஃபின் நாங்கள் குற்றத் தரவைச் சேர்க்கப்போவதில்லை என்று வெளிப்படையாக அறிவித்தது. வீடு விற்றுப் பிழைக்கும் நிறுவனங்களே இந்த முடிவுக்கு வந்திருக்கின்றன என்பதைக் கவனியுங்கள்.

எஃப்.பி.ஐ.யும் தன் அறிக்கைகளில் நகரங்களையும் கவுண்டிகளையும் தரவரிசைப்படுத்தாதீர்கள் என்று வெகு காலமாக எச்சரித்துவருகிறது, மக்கள்தொகையின் வயது, வேலைவாய்ப்பு, வந்துபோவோர், போலீஸின் பலம், புகார் கொடுக்கும் பழக்கம் என்று காரணங்களையும் அடுக்குகிறது. 2002-லேயே மைக்கேல் மால்ட்ஸ், ஜோசப் டார்கோன்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் கவுண்டி அளவுத் தரவில் உள்ள ஓட்டைகளை ஆராய்ந்து, அது சரிசெய்யப்படும்வரை கொள்கை ஆய்வுகளுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதினார்கள். எச்சரிக்கை இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது ஒரு பக்கத்திலும் எண்கள் வேறு பக்கத்திலும் இருப்பதுதான் என் பெரிய குறை. குறிப்பைப் படிப்பவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம், எண்ணை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறவர்கள்தான் மீதிப் பேர்.

இதைச் சரிசெய்ய முடியாதா என்றால் முடியும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசியக் குற்றவியல் தரவுக் காப்பகம் வெளியிட்ட கவுண்டி அளவுக் கோப்புகளில் நகரப் போலீஸ், ஷெரிஃப் எல்லாவற்றையும் கவுண்டி வாரியாகக் கூட்டி, சில மாதம் மட்டும் அனுப்பியவர்களின் எண்ணை 12 மாதத்துக்கு விரித்து, ஒன்றும் அனுப்பாதவர்களுக்கு அதே மாநிலத்தின் அதே அளவு ஊர்களை வைத்து மதிப்பிட்டிருக்கிறார்கள். முக்கியமாக ஒவ்வொரு கவுண்டிக்கும் பக்கத்தில் 0 முதல் 100 வரை ஒரு எண் இருக்கும், 100 என்றால் அந்தக் கவுண்டியின் எல்லா அமைப்புகளும் 12 மாதமும் அனுப்பின என்று அர்த்தம், 40 என்றால் அந்த வரியை விட்டு விலகிவிடலாம். அதை ஆய்வாளர்கள் மட்டும் திறக்கும் கோப்பில் வைக்காமல், க்ரைம் டேட்டா எக்ஸ்ப்ளோரரின் முதல் பக்கத்தில் 'கவுண்டி' என்று ஒரு தேர்வு வைத்து, விகிதத்தின் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் எஃப்.பி.ஐ. போட வேண்டும், கூடவே 10-ஆம் அட்டவணையின் தலைப்பில் 'கவுண்டி' என்பதை எடுத்துவிட்டு 'ஷெரிஃப் மற்றும் கவுண்டி போலீஸ்' என்று மாற்ற வேண்டும். அன்றைக்கு என் ஒன்றரையை நான்காக மாற்றிக்கொள்கிறேன்.